பூச்சிமருந்தும் நன்னீர் மீனின் சுவாசமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இச்சொற்பொழிவுக்கு உரிய பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விலங்கியல் துறையினர் எனக்கே விட்டுவிட்டமையால், பல்லாண்டுகளாக வகுப்பிலும் சோதனைச்சாலையிலும் என் சிந்தையை விட்டு அகலாதிருக்கும் ஒரு விஷயத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து மழைநீரோடும் வடிநீரோடும் கலந்து வாய்க்காலையும் ஏரியையும் வந்து சேரும்போது, அந்நீரில் வாழும் மீனின் மூச்சுக்கும் நடத்தைக்கும் நேர்வது யாது என்பதே அவ்விஷயம். மீன் செத்து மிதந்தால் ஊர் கூடுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. நீரைப் புட்டியில் அடைத்து எடுத்துச்செல்ல உத்தியோகஸ்தர் வருகிறார். சாகாமல் நீருக்குள்ளேயே திணறிக்கொண்டிருக்கும் மீனைப் பற்றி விசாரிப்பார் எவருமில்லை. விஷத்தின் செயல் சாவில் முடியலாம், முடியாமலும் போகலாம். ஆனால் அது மூச்சில் தொடங்குகிறது, நடத்தையில் வெளிப்படுகிறது. அதை அறியும் வழிகள் நம்மிடம் இருந்தும், நம்முடைய சட்டமும் அளவைகளும் பிணத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் என் முறையீடு.

நீரில் நஞ்சிட்டு மீன் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கோடையில் ஆறு வற்றி ஆங்காங்கே மடுக்களாகத் தேங்கும் காலத்தில், காக்காய்க்கொல்லிக் கொட்டையை இடித்துத் தவிட்டோடு பிசைந்து மடுவில் எறிவார்கள். சிறிது நேரத்தில் மீன்கள் வட்டமிட்டுச் சுழன்று, வயிறு மேலாகப் புரண்டு மிதக்கும். வலையும் தூண்டிலும் வேண்டாமல் கையாலேயே அள்ளிக்கொள்ளலாம். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்னும் எண்ணத்தோடு நீரில் நஞ்சோ சுண்ணாம்போ தீங்கு பயக்கும் வேறு பொருளோ இடுபவனுக்கு இரண்டு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. எண்ணம் இருத்தல் வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. பசிக்காக ஒரு மடுவில் கொட்டையை எறிந்த ஏழை குற்றவாளி; தண்டுத்துளைப்பான் பூச்சிக்காக ஒரு தாலுகா முழுவதும் எண்ட்ரின் என்னும் மருந்தைத் தெளித்தவர்களோ மீனைக் கனவிலும் கருதாதவர்கள், ஆகவே குற்றமற்றவர்கள்.

இவ்விடத்தில் ரசாயனம் நமக்கு ஒரு வியப்பைக் காட்டுகிறது. காக்காய்க்கொல்லியின் சாரமாகிய பிக்ரோடாக்ஸின், நரம்பின் கிளர்ச்சியை அடக்கிவைக்கும் காபா என்னும் பொருளின் வேலையைத் தடுக்கிறது. நரம்பணுவின் சவ்விலே குளோரைடு அயனி நுழையும் வாயில் ஒன்று உண்டு, அவ்வாயிலைச் சாரம் அடைத்துவிட, அடக்குவாரின்றி நரம்பு துள்ளுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகள் பெருக்கிய எண்ட்ரினும், டீல்டிரினும், லிண்டேனும், பிற்காலத்து எண்டோசல்பானும் சென்று பற்றுவது அதே வாயிலில் அதே இடத்தைத்தான். ஆகையால், மடுவில் சுழன்ற மீனும் வடிவாய்க்காலில் சுழன்ற மீனும் ஒரே நோயால் சுழன்றன. எண்ட்ரின் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது 1990-இல். எண்டோசல்பானுக்கு உச்சநீதிமன்றம் தடைவிதித்தது 2011-இல். அதற்குள் எத்தனை குறுவை, எத்தனை சம்பா!

இனி மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், மீன் ஏன் இவ்வளவு எளிதாக விஷத்துக்கு இரையாகிறது என்பதன் ரகசியம் அதிலேதான் அடங்கியிருக்கிறது. நம்மூர்க் கோடை வெப்பமாகிய 30 டிகிரியில், ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தூயநீரோ, நிறைந்த அளவுக்குக் கரைத்துக்கொண்டபோதும், ஏழரை மில்லிகிராமுக்கு மேல் தாங்காது. அன்றியும், நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் கனமானது. இத்தனை கனமான, இத்தனை வறிய பொருளை வாயால் வாங்கிச் செவுள் வழியே ஓயாது இறைத்துக்கொண்டிருப்பதே மீனின் வாழ்வு. செவுளின் ஒவ்வோர் இழையிலும் அடுக்கடுக்காக நிற்கும் நுண்தகடுகளில் ரத்தம் ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் ஓடுவதால், கிடைக்கும் சொற்பப் பிராணவாயுவில் பெரும்பகுதியை மீன் கவர்ந்துகொள்கிறது. ரத்தத்துக்கும் நீருக்கும் இடையே நிற்கும் திரை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிப்புள்ளது.

இந்த அமைப்பின் சிறப்பே அதன் ஆபத்தும் ஆயிற்று. பிராணவாயுவுக்காக இறைக்கும் நீர் அனைத்தையும் மீன் தன் ரத்தத்தின் வெகு அருகில் கொண்டுவருகிறது. கொழுப்பில் கரையும் பூச்சிமருந்துக்கு அம்மெல்லிய திரை ஒரு தடையே அன்று. உணவோடு உட்செல்லும் விஷம் முதலில் கல்லீரலைக் கடக்கவேண்டும். அங்கே ஒரு பகுதியேனும் முறிக்கப்படும். செவுள்வழி நுழையும் விஷமோ, செவுளை விட்டு வெளியேறும் தூய ரத்தத்தோடு நேரே தலையை நோக்கிச் சென்று, கல்லீரலின் முகத்தைப் பாராமலே மூளையை அடைகிறது. இனி நீர் வெப்பமடைந்து பிராணவாயு குறைந்தால், மீன் இன்னும் வேகமாக நீரை இறைக்கும். வேகமாக இறைத்தால் விஷம் இன்னும் மிகுதியாக நுழையும். சித்திரை வைகாசியில் முழங்காலளவு தண்ணீரோடு கிடக்கும் ஏரியில் ஓர் அளவு மருந்து செய்யும் கேட்டை, கார்த்திகையில் நிறைந்து தளும்பும் ஏரியில் அதே அளவு செய்யாமைக்கு நீரின் மிகுதி மட்டும் காரணமன்று.

மாலத்தியான் என்னும் பூச்சிமருந்து சிறிதளவு கலந்த கண்ணாடித் தொட்டியில் ஒரு கெண்டையை விட்டுப் பார்ப்போர் காண்பது இது. முதலில் மீன் ஒன்றும் நேராதது போலவே நீந்தும். பின்பு ஒரு பரபரப்பு தோன்றும். தொட்டியின் சுவரை ஒட்டி மேலும் கீழும் ஓடும். விரலால் கண்ணாடியைத் தட்டினால், தட்டியதற்கு மிஞ்சித் துள்ளும். செவுள்மூடியின் அசைவு விரைவுபடும். இடையிடையே அவ்வசைவு நின்று, வாயும் மூடியும் ஒருங்கே வெட்டென விரிந்து, நீர் வந்த வழியே திரும்பித் தள்ளப்படும். இதுவே மீனின் இருமல். செவுளில் ஒட்டிய அழுக்கை உதறும் இயல்பான செயல்தான் அது. நல்ல நீரில் எப்போதோ ஒருமுறை நிகழ்வது, இப்போது அடிக்கடி நிகழும். உடம்பெங்கும், சிறப்பாகச் செவுளில், வழுவழுப்பான கோழை சுரந்து வெண்படலமாகத் தொங்கும். மார்புத் துடுப்புகள் முன்னோக்கி விறைத்து நிற்கும். உடல் ஒருபுறம் சாயும். சாய்ந்ததை நிமிர்த்திக்கொள்ள முயன்று மீண்டும் சாயும். மூடியின் அசைவு இப்போது மெதுவாகி, ஒழுங்கிழந்து, ஒருமுறை அகலவும் ஒருமுறை அற்பமாகவும் திறக்கும். இக்கட்டத்தில் மீனை எடுத்துத் தூய நீரில் விட்டால் அது பெரும்பாலும் பிழைத்துவிடும். கணக்கேட்டில் அது உயிருள்ள மீன்.

உள்ளே நடந்தது என்ன? நரம்பு தசைக்கு ஆணையிடுவது அசெட்டைல்கோலைன் என்னும் பொருளின் மூலம்; ஆணை நிறைவேறியதும் அப்பொருளை உடனே சிதைத்து அகற்றுவது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. பாரத்தியான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலிய பாஸ்பரஸ் மருந்துகள் அந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடுவதால், ஒருமுறை இட்ட ஆணை ஓயாமல் ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. தசை இறுகித் துடித்து இறுதியில் தளர்கிறது. செவுளை இயக்கும் தசையும் அதற்கு விலக்கன்று. செவுளிலோ வேறொரு வகைக் கேடு. எரிச்சலுக்கு எதிராகக் கோழை சுரக்கிறது. மேல்தோல் வீங்கி, நுண்தகடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நீருக்கும் ரத்தத்துக்கும் இடையேயுள்ள திரை தடிக்கிறது. விஷம் நுழையாதிருக்க உடம்பு கட்டிய அரணே பிராணவாயுவும் நுழையாதபடி தடுத்துவிடுகிறது. பிழைத்த மீனின் மூளையில் அந்நொதி பழைய அளவுக்குத் திரும்புவதற்குப் பல வாரங்கள் செல்லும். அவ்வாரங்களில் அது இரை தேடவேண்டும், கொக்குக்குத் தப்பவேண்டும், பருவமாயின் இணை சேரவும் வேண்டும்.

நம் ஏரிகளிலும் வயல்களிலும் வாழும் சில மீன்கள் செவுளை மட்டும் நம்பியிருப்பவை அல்ல. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்பவை. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படைத்துணைத்தலைவராயிருந்த டால்டார்ப் என்பவர், 1791-இல் பனைமரத்தின் பட்டை வெடிப்பில் பற்றி ஏறிக்கொண்டிருந்த மீனொன்றைத் தாமே பிடித்ததாக எழுதி, அக்கடிதம் 1797-இல் லண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. மீன் பனையேறுமா என்று அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை, அது கிடக்கட்டும். இம்மீன்கள் காற்றைச் சுவாசிப்பதால் விஷநீரில் தப்பிவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஓரளவு உண்மையும் அதுவே: கெண்டையும் கெளுத்தியும் மடிந்த குட்டையில் விரால் பிழைத்திருக்கும், அதைக் கண்டு, நீர் அவ்வளவொன்றும் கெடவில்லை என்று ஊரார் ஆறுதலும் அடைவர்.

ஆனால் அப்பிழைப்புக்கு விரால் கொடுக்கும் விலையைக் கணக்கிட மதுரைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நமக்கு வழிகாட்டியிருக்கிறது. பேராசிரியர் டி. ஜே. பாண்டியனும் அவருடன் உழைத்தவர்களும் 1970-களில், விராலை ஆழம் வேறுபட்ட தொட்டிகளில் வளர்த்து, அது காற்றுக்காக மேலே வந்து செல்லும் தூரத்தையும் உண்ட உணவையும் பெற்ற வளர்ச்சியையும் அளந்தார்கள். மேற்பரப்பு எவ்வளவு தொலைவோ அவ்வளவு உழைப்பு. உழைப்பு மிகுந்தால் உண்டது உடம்பில் ஒட்டாது என்பது அவர்கள் கண்டது. அவ்வாராய்ச்சி பூச்சிமருந்தைப் பற்றியதன்று. ஆயினும், செவுள் கெட்ட விரால் முன்னிலும் அடிக்கடி மேலெழவேண்டியதாகிறது என்பதை அதனோடு சேர்த்துப் பாருங்கள். மேலெழும் ஒவ்வொரு முறையும் மீன்கொத்தியின் கண்ணிலும் கொக்கின் அலகுக்கு எட்டும் இடத்திலும் அது தோன்றுகிறது. குஞ்சுப் பருவத்திலோ காற்றுறுப்பு முதிர்ந்திராது. அப்போது விராலும் மற்ற மீன்களைப் போலவே நீரை நம்பித்தான் மூச்சுவிட்டாகவேண்டும். குஞ்சு மாண்டதைப் பார்த்து ஊர் கூடியதாக நான் கேட்டதில்லை. அவை மிதப்பதும் தெரியாது.

நடத்தையைப் பற்றிப் பேசுமிடத்து, மீனின் மூக்கை மறந்துவிடக்கூடாது. மோப்ப நரம்பின் முனைகள் நீரில் நேரே தோய்ந்திருப்பவை. கார்ல் வான் பிரிஷ் என்னும் பேரறிஞர் 1938-இல், காயம்பட்ட சிறுமீன் ஒன்றைக் கூட்டத்தில் விட்டபோது மற்றவை வெருண்டு சிதறியதைக் கண்டு, தோலிலிருந்து கசியும் ஓர் அபாய வாசனையே அதற்குக் காரணம் என்று நிறுவினார். கெண்டை இனத்துக்கும் கெளுத்தி இனத்துக்கும் இவ்வெச்சரிக்கை முறை பொதுவானது. அமெரிக்க மேற்குக் கரையில் 2000-ஆம் ஆண்டு வெளியான சோதனையில், ஒரு லிட்டரில் 1 மைக்ரோகிராம் டயசினான் என்னும் பூச்சிமருந்து இருந்த நீரில் தங்கிய சினூக் சால்மன் மீன்கள் அவ்வாசனையை முகர்ந்தும் நீந்துவதையும் இரை கவ்வுவதையும் நிறுத்தவில்லை. 10 மைக்ரோகிராமில் தங்கிய வளர்ந்த மீன்களில் பிறந்த இடத்துக்குத் திரும்பியவை குறைந்தன. சால்மனின் ஆண்மீன், பெண்மீன் வெளியிடும் வாசனையை உணர்ந்து விந்து சுரப்பதும் டயசினானாலும் சைபர்மெத்ரினாலும் குன்றுகிறது என்று இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் போர்டோக் கலவைக்காகத் தோட்டக்காரர்கள் கரைக்கும் மயில்துத்தத்தின் தாமிரமும் மூக்கை மழுக்குவதில் எதற்கும் பின்வாங்குவதன்று. இம்மீன்கள் யாவும் உயிரோடிருப்பவை, நன்றாக நீந்துபவை, கண்ணுக்குக் குறையற்றவை. பருந்தையும் இணையையும் சொந்த ஊரையும் அறியாத மீனை ஆரோக்கியமான மீன் என்று எழுதிக்கொள்ளும் கணக்கு எத்தகைய கணக்கு!

அக்கணக்கின் பெயர் பாதிக்கொல்லும் செறிவு. 96 மணிநேரத்தில் தொட்டியிலுள்ள மீன்களில் பாதியைக் கொல்லும் அளவு எதுவோ அதுவே மருந்தின் கொடுமைக்கு உலகமெங்கும் வழங்கும் அளவுகோல். ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படும் என்பதை மறுக்கவில்லை. நானும் அதைப் பயன்படுத்தியவனே. ஆனால் பிழைத்த பாதி எப்படிப் பிழைத்தது என்பதை அது கேட்பதில்லை. நம் நாட்டுப் புட்டிகளில் அச்சிடும் முக்கோணமோ அந்த அளவுக்கும் வருவதில்லை. 1958-இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுவருக்கு மேல் மாண்ட கொடுமைக்குப் பின்பு விசாரணை நடந்து, 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. அதன் விதிப்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என முக்கோணத்தின் நிறம் அமைவது, எலி முதலிய பாலூட்டிகளைக் கொல்லும் அளவைக் கொண்டே. மனிதரைக் காக்கப் பிறந்த சட்டம் எலியைப் பார்த்தது முறையே. ஆனால் செவ்வந்தி இனச் சாரத்தைப் பார்த்துச் செய்த பைரித்ராய்டு மருந்துகள், பாலூட்டியின் உடம்பில் விரைவில் முறிந்துபோகின்றன. மீனோ அவற்றை முறிப்பதில் மிகவும் மந்தமானது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம், சிலவற்றில் அதற்கும் குறைவு, அதற்கு எமனாகிறது. செம்முக்கோணம் இல்லாத புட்டியை எடுத்துக்கொண்டு, மென்மையான மருந்து என்று நம்பி வாய்க்கால் மடையில் தெளிப்பானைக் கழுவும் விவசாயியின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கு அவ்வாறு சொன்ன நிறத்தின் மேல்தான் வருகிறது.

ஒரு மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? ஒரு ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் உண்டாக்க 200 மில்லிகிராம் போதும். கால் கிராமுக்கும் குறைவு. தெளித்ததில் பெரும்பகுதி இலையிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும் ஆதலால் கணக்கு இவ்வளவு நேரானதன்று. எனினும் புட்டியிலுள்ளது இதைப்போல் பல மடங்கு. மேலும், வாய்க்காலில் எந்த மருந்தும் தனித்து வருவதில்லை. 2009-இல் அமெரிக்காவில் கோஹோ சால்மன் குஞ்சுகளை டயசினானும் மாலத்தியானும் கலந்த நீரில் விட்டபோது, தனித்தனிச் செயலைக் கூட்டி எதிர்பார்த்ததைவிடக் கேடு மிகுந்து, பல குஞ்சுகள் மடிந்தேபோயின. ஒரு மருந்து, மற்றதை முறிக்கவேண்டிய நொதியை முன்னதாகவே முடக்கிவிடுவதால் இது நேர்கிறது என்று கருதுவர்.

வெளிநாட்டு நதிகளின் வரலாற்றிலிருந்து இரண்டை மட்டும் சொல்கிறேன். கனடாவின் மிரமிச்சி நதிக்கரைக் காடுகளில் 1954-இல் விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்து, இளஞ்சால்மன்கள் அழிந்த செய்தியை ரேச்சல் கார்சன் என்னும் எழுத்தாளர் உலகறியச் செய்தார். அந்த அழிவின் அளவு நமக்குத் திட்டமாகத் தெரிவதற்குக் காரணம், 1950 முதலே அந்நாட்டு மீனாராய்ச்சியாளர் அந்நதியில் மீன்களை ஆண்டுதோறும் எண்ணி வைத்திருந்தமையே. மற்றொன்று ரைன் நதி. 1986 நவம்பர் முதல் நாள், பாசெல் நகருக்கருகே மருந்துக் கிடங்கொன்று தீப்பற்றி, அணைக்க இறைத்த நீரோடு பாஸ்பரஸ் மருந்துகள் நதியில் இறங்கின. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம் விலாங்குகள் மாண்டன. ஓடும் நீரில் மீனையோ நீர்த்தெள்ளையோ நிறுத்தி, அதன் நீச்சலிலும் மூச்சிலும் நேரும் மாறுபாட்டை இடைவிடாது கவனித்து எச்சரிக்கை பெறும் நிலையங்கள் அந்நதிக்கரையில் பெருகியதற்கு அவ்விபத்தும் ஒரு தூண்டுகோல். சாவதற்கு முந்திய மீனை அங்கே சாட்சியாக ஏற்றுக்கொண்டார்கள்.

பூச்சிமருந்தின்றி நெல் ஏது என்று கேட்போருக்கு, அதே நவம்பரின் ஐந்தாம் நாள் நடந்ததை நினைவூட்டலாம். இந்தோனேசியாவின் அதிபர் சுகார்த்தோ, 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாது என்று அன்று ஆணை பிறப்பித்தார். புகையான் என்னும் நெற்பூச்சியைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றுவிட, தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகி வயல்கள் தீய்ந்ததே அதற்குக் காரணம். மருந்துக்கு அரசு அளித்துவந்த மானியமும் 1989-க்குள் நீக்கப்பட்டது. மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை. ஜாவாவில் நெல்வயலிலேயே மீன் வளர்ப்பது பழைய வழக்கம். ஆணை எழுதியவர்கள் அம்மீனை எண்ணி எழுதினார்கள் என்று சொல்வதற்கில்லை.

இத்துறை மாணவர்களுக்கு ஒரு வேலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மிரமிச்சியில் இருந்ததுபோன்ற முன்கணக்கு நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. குறுவைக்கு முதல் தெளிப்பு நடக்குமுன், ஏரியின் நீரையும் அதே ஏரியின் கெண்டையையும் கண்ணாடித் தொட்டியில் கொண்டுவந்து, செவுள்மூடி நிமிடத்துக்கு எத்தனைமுறை திறக்கிறது, எத்தனைமுறை இருமுகிறது என்று எண்ணுங்கள். தெளிப்புக்குப் பின்பும் எண்ணுங்கள். புதிதாகப் பிடித்த மீன் அச்சத்தாலேயே வேகமாக மூச்சுவிடும். ஆதலால் அதைத் தொட்டியில் பழகவிட்டு, ஆள் நடமாட்டம் அதற்குத் தெரியாதபடி ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு எண்ணவேண்டும். நீரின் வெப்பநிலையையும், கரைந்துள்ள பிராணவாயுவையும், மீனின் நீளத்தையும், நேரத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவை இல்லாத எண்ணிக்கை எந்த வழக்குமன்றத்திலும் நிற்காது.